கடைசிக் கட்டத்தில் பவளம்

என்னைப் பெரிய மூக்குக்காரி ஆக்கிவிட்டுப் போனவளே,

ரொறன்ரோவிலிருந்து உன் மகள் அனுப்பிய பொதி போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே ஒஸ்லோவில், எங்கள் ஹொல்ம்லியாவில் இப்போது பொதியெல்லாம் பலசரக்குக் கடையின் ஒரு மூலையில்தான் எடுக்கவேண்டும். உருளைக்கிழங்கு, பால், நீ கடைசியாகக் கீறிய பக்கம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். இதை நீ கேட்டிருந்தால் அடுத்த கிழமையே படமாகக் கீறியிருப்பாய். குசினி மேசையில் வைத்து அட்டையைப் பிரித்தேன். மை மணந்தது. உன் வீட்டுக்கு நான் வந்தது ஒரே ஒரு தடவைதான், ஆனாலும் அந்த மணம் உன் மேசையினது என்று மூக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த மூக்குக்குத் தெரியாமல் வேறு எந்த மூக்குக்குத் தெரியும்?

மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் உன் படக்கதை நாயகி பவளம் ஹொல்ம்லியா ரயில் மேடையில் குடையோடு நிற்கிறாள். இரண்டாவதில் கைப்பைக்குள் தொலைபேசி அடிக்கிறது, பின்னால் ரயில் வருகிறது. மூன்றாவதில் ரயில் புறப்பட்டுப் போகிறது. பவளம் ஏறவில்லை, தொலைபேசியைக் காதில் வைத்தபடி மேடையிலேயே நிற்கிறாள். அவள் தலைக்கு மேலே பேச்சுக் குமிழ் வெறுமையாக இருக்கிறது. எழுத்து நேராக வருவதற்காக இரண்டு வரிக்கு இளநீலப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாய். கோடு இருக்கிறது, வார்த்தை இல்லை.

பவளத்தின் கதைகளை எல்லாம் சேர்த்து அங்கே ஒரு தடித்த புத்தகமாகப் போடுகிறார்களாம், அதில் கடைசிப் பக்கம் இதுதானாம். குமிழை வெறுமையாகவே விட்டால் மிக அழகாக இருக்கும் என்று பதிப்பகத்துப் பெண் சொல்கிறாளாம். உன் மகளுக்கு அதில் மனமில்லை. பவளம் என்ன சொல்லுவாள் என்று அன்ரி உங்களுக்குத்தான் தெரியும், இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள், பிறகு அச்சுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாள். அழகாம். பவளம் வாயைத் திறக்காமல் ஒரு பக்கத்தைத்தானும் தாண்டியிருக்கிறாளா? வாயை மூடிக்கொண்டிருக்கும் பவளத்தோடு உன் புத்தகம் முடிந்தால் அது வேறு யாரோ செய்த புத்தகம். எனக்கு அப்படித்தான் கோபம் வந்தது. கோபம் வந்ததே தவிர, வார்த்தை வரவில்லை.

நாம் சந்தித்தது இந்த நாட்டின் வடக்கே, கடலோரத்து மீன் தொழிற்சாலையில். யாழ்ப்பாணத்தில் நீ வடமராட்சி, நான் தீவுப்பகுதி. ஊரிலே இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே மாட்டோம். இருவருக்கும் ஒரே அறை, ஒரே அளவு ரப்பர் சப்பாத்து. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் மீன் பெட்டியின் அட்டை மூடி ஒன்றில் கறுத்தப் பேனாவால் எதையோ கீறிக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தேன். தலையில் மூன்று சால்வை சுற்றிய ஒரு பெண், காற்றில் பிய்ந்துபோன குடை, முகத்தில் பாதிக்கு மூக்கு. யார் இது என்று கேட்டேன். நீதான் என்றாய். அன்று முழுக்க நான் உன்னோடு கதைக்கவில்லை. மேற்பார்வைக்காரரோ அதைத் தேநீர் அறைச் சுவரில் கொழுவிவிட்டார், வந்து போன நோர்வேக்காரர் எல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்கள். உன் முதல் வெளியீடு அந்தச் சுவர்தான் என்று நான் சொல்லுவேன். உன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அதைச் சேர்ப்பதில்லை.

பிறகு நீ கலியாணம் கட்டிக் கனடா போனாய், நான் தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் ஒரு அச்சகத்தில் சேலைக்கடை விளம்பரங்களும் வீடு விற்கிறவர்களின் கோட்டுப் போட்ட படங்களும் அடுக்கிக்கொண்டிருந்தாய். அங்கே இலவசமாகப் போகும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில், ஒரு சட்டத்தரணியின் விளம்பரத்துக்கும் நிலக்கீழ் அறை வாடகைக்கு என்ற விளம்பரத்துக்கும் நடுவே கொஞ்ச இடம் விலைபோகாமல் கிடந்தது. அதை நிரப்ப நீ மூன்று கட்டம் கீறிக் கொடுத்தாய். அந்தக் குடை, அந்த மூக்கு, கீழே பவளம் என்று பெயர். நோர்வேயில் பனியோடு மல்லுக்கட்டுகிற யாழ்ப்பாணத்துப் பெண். கனடாவில் இருக்கும் சனத்துக்கு நோர்வேக்காரியைப் பார்த்துச் சிரிப்பது வசதியாக இருந்தது போலும். அடுத்த கிழமையும் கேட்டார்கள். அதற்கடுத்த கிழமையும் கேட்டார்கள்.

ஆனால் உனக்கு ஒஸ்லோ தெரியாது. வடக்கிலிருந்து நேரே விமானம் ஏறியவள் நீ. முதல் படங்களில் ஒஸ்லோத் தெருவில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓடியது, மூலைக்கு மூலை சிவப்புத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் நின்றது, கறுத்த அணில் ஓடியது. உன் யன்னலுக்கு வெளியே தெரிந்த ரொறன்ரோவைத் தூக்கி அப்படியே இங்கே வைத்திருந்தாய். தொலைபேசியில் பிடித்து ஏசினேன். பனி எண்டால் எல்லா இடமும் பனிதானே என்று சொல்லிப் பார்த்தாய், நான் விடவில்லை. அப்படியெண்டால் படம் எடுத்து அனுப்பு என்றாய். அன்று பிடித்தது எனக்கு வேலை. குப்பைத்தொட்டி, படிக்கட்டுக் கைபிடி, வரிசையாக நிற்கும் தபால் பெட்டிகள், மோர்டென்ஸ்ருட் சுரங்க ரயில் நிலையத்தின் வெளிச்சம் என்று எடுத்து எடுத்து அனுப்பினேன். ஒரு குப்பைத்தொட்டியை நாலா பக்கமும் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாநகர சபையில் இருந்து வந்தீர்களா என்று ஒரு வயதானவர் கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன். அவர் தன் தெருவிலே பனி அள்ளவில்லை என்று வெகுநேரம் முறையிட்டார். அதையும் கீறினாய்.

வார்த்தைக்கும் நீ ஒரு வழி வைத்திருந்தாய். கடைசிக் கட்டத்துக் குமிழை வெறுமையாக விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுப்பாய். உனக்கு அது காலை, எனக்குப் பின்னேரம். நான் மாலை வேலைக்குப் போவதற்கு ஹொல்ம்லியா மேடையில் நிற்பேன். படத்தை விவரித்துவிட்டு, "பவளம் இப்ப என்ன சொல்லுறாள்?" என்று கேட்பாய். நான் யோசித்துக் கெட்டித்தனமாக ஏதாவது சொல்லுவேன். "சீ, அது நீ சொல்லுறாய். பவளம் சொல்லேல்லை" என்பாய். பிறகு வேறு கதை. பிள்ளைகளின் படிப்பு, என் முழங்கால், உன் மச்சாள். நான் குமிழை மறந்துபோய் எதையாவது வாய்க்கு வந்தபடி சொல்லும்போது அந்தப் பக்கம் திடீரென்று அமைதியாகும், பென்சில் தாளில் உரசுகிற சத்தம் கேட்கும். "இதுதான்" என்பாய். எனக்கு எதைச் சொன்னேன் என்றே தெரியாது. பத்திரிகை வந்த பிறகு பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ரயில் வந்தவுடன் தொலைபேசியை வைக்கட்டே என்று கேட்பது எப்போதும் நான்தான். "பொறு, இன்னும் வைக்காதை" என்பது எப்போதும் நீதான். அதற்குள் கதவு மூடிவிடும் என்று நான் அவதிப்பட்டு வைத்துவிடுவேன்.

கனடாவில் படக்கதை செய்கிறவர்கள் வேறு வகையான ஆட்கள் என்று நீ சொல்லிச் சொல்லியே எனக்கும் அவர்களைத் தெரியும். தாங்களே பிரதி எடுத்து, தாங்களே பின் அடித்து, தேவாலய மண்டபத்தில் மேசை போட்டு விற்பார்களாம். நீயும் பவளத்தை ஆங்கிலத்தில் சின்னப் புத்தகமாக்கிக்கொண்டு போனாய். பக்கத்து மேசைக்காரர் செத்துப்போன தன் நாயைப் பற்றி மட்டுமே வருடக்கணக்காகக் கீறிக்கொண்டிருந்தவர். இருவருக்கும் அன்று வியாபாரம் ஓடவில்லை, புத்தகத்தை மாற்றிக்கொண்டு வந்தீர்கள். அவருடைய பக்கங்களில் பாதிக்கு மேல் பனி, அதாவது ஒன்றுமே கீறாத வெள்ளைத் தாள். "இஞ்சத்தை ஆக்கள் மை மிச்சம் பிடிக்கிற விதம் பார்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு பவளத்தைச் சுற்றியும் வெள்ளை கூடியது. பவளம் சின்னவளானாள், வானம் பெரிதானது. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அந்தப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெரிய பதிப்பகத்தார் உன்னைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். படம் நல்லது, ஆனால் போர் எங்கே, படகு எங்கே, தப்பி வந்த கதை எங்கே என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் உன் குரல் உடைந்து கேட்டேன். "எங்கடை சனம் ஒருநாளும் பஸ்ஸுக்கு நிக்கேல்லையோடி? அதைக் கீறினால் கதை இல்லையோ?" என்றாய். மற்றவர்கள் அதைக் கீறட்டும், நல்லாகவே கீறுகிறார்கள், எனக்குப் பவளம்தான் வரும் என்றாய். அதற்காகப் பல வருடம் காத்திருந்தாய். கடைசியில் சின்னப் பதிப்பகம் ஒன்று பவளத்தைக் குடையும் மூக்கும் குறையாமல் எடுத்துக்கொண்டது. மொன்றியலில் பிரெஞ்சிலும் வந்தது. ஒரு பரிசுக்குப் பெயர் போய், கிடைக்காமல் வந்தது. உனக்குக் கவலையில்லை, எனக்குத்தான் அந்த நடுவர்கள்மீது இன்னும் ஆத்திரம். இங்கே துறைமுகத்தருகே இருக்கிற பெரிய நூலகத்தில் உன் புத்தகம் இருக்கிறது. போகும்போதெல்லாம் அதை முகம் தெரியத் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த முறை போனால் யாரோ ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பார்கள். நானும் விடுவதில்லை.

இங்கே பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோமில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம் நினைவிருக்கிறதா, சொன்னேனே? ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு அம்மா சாப்பாட்டுக் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்து, "குறை நினைக்காதேங்கோ, நீங்கள் பவளமோ?" என்று கேட்டார். என் மனுசன் சிரித்த சிரிப்பில் கோப்பை கவிழ்ந்தது. வீட்டுக்கு வந்து உனக்கு எடுத்து, என் முகத்தை உலகம் முழுக்கக் கெடுத்துவிட்டாய் என்று ஏசினேன். ஏசினேனே ஒழிய, அன்று எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

உனக்கு வருத்தம், தீராத நோய் என்று அறிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்தாய். குரல் மெலிந்துபோனது, மற்றது எல்லாம் அப்படியே இருந்தது. உன் இறுதி நிகழ்வை இங்கே குசினியில் இருந்து கணினித் திரையில் பார்த்தோம். படம் நடுவில் நின்று நின்று போனது. அன்று நான் அழவில்லை. அடுத்த ஞாயிறு மேடையில் ரயில் நேரத்துக்கு வந்தது, நான் நேரத்துக்கு ஏறி இருந்தேன், அப்போதுதான் அழுதேன். எதிரே இருந்த பெடியன் தன் இசையை நிறுத்திவிட்டு ஒரு கைத்துடைப்புத் தாளை நீட்டினான்.

வியாழக்கிழமையிலிருந்து உன் குமிழுக்குள் என்னவெல்லாம் போட்டுப் பார்த்தேன் தெரியுமா? பகிடி போட்டேன். பிரியாவிடை மாதிரி ஒன்று போட்டேன், எனக்கே அருவருத்தது. சனிக்கிழமை மனுசனிடம் கேட்டேன், 'ரயில் போயிட்டுது' என்று போடச் சொன்னார். எதைச் சொன்னாலும் உன் "சீ" கேட்டது.

ஞாயிறு பின்னேரம் மேடையில் நிற்கும்போது உன் மகள் எடுத்தாள். பவளம் என்ன சொல்லுறா, அன்ரி என்று கேட்டாள். தாயைப் போலவே கேட்டாள், அதுவே எனக்குத் தாங்கவில்லை. தெரியாது பிள்ளை, யோசிச்சு யோசிச்சு வரேல்லை என்றேன். வெறுமையாக விடவே கூடாது, அம்மா இரண்டு வரிக்குக் கோடு போட்டு வைத்தவள், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றால் கோடு எதற்கு என்று பதிப்பகத்துப் பெண்ணிடம் சொல்லச் சொன்னேன். ஓம் அன்ரி, அதைத்தான் நானும் சொன்னனான் என்றாள். பிறகு வேறு கதை கதைத்தோம். அவளுடைய புது வேலை, உன் மேசையை யன்னலோரத்துக்கு நகர்த்தியது, பக்கத்து வீட்டுப் பூனை இன்னும் உன் கதிரையில்தான் படுக்கிறதாம். ரயில் வரும் அறிவிப்பு அவளுக்கும் கேட்டிருக்கவேண்டும்.

"உங்கடை ரயில்போலை அன்ரி. வைக்கட்டே?"

"பொறு பிள்ளை, இன்னும் வைக்காதை."

அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அறிவிப்பு முடிந்தது, கதவுகள் திறந்தன, சனம் ஏறியது. பிறகு கேட்டது, பென்சில் தாளில் உரசுகிற சத்தம்.

"இதுதான் அன்ரி" என்றாள் உன் மகள். அழுதுகொண்டு சொன்னாள். 'பிள்ளை'யை எடுத்துவிட்டால் இரண்டு வரிக்குச் சரியாக வருகிறதாம். புது எழுத்து ஒன்றும் வேண்டாமாம், நீ பழைய படங்களில் எழுதிய எழுத்துகளையே ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கப் போகிறாளாம்.

ரயில் என்னை விட்டுவிட்டுப் போனது. குடையோடும் தொலைபேசியோடும் மேடையில் நின்றேன். வேலைக்குப் பிந்திப் போய் ரயில் தாமதம் என்று சொன்னேன், ஒஸ்லோவில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. பவளத்தை ஏன் ரயிலில் ஏற்றாமல் விட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் நீ என்னிடம் சொன்ன வார்த்தை, இனி அதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பொறடி. நான் இன்னும் வைக்கவில்லை.