சுடர் மட்டும்

ஆனி, வியாழன். காலையிலிருந்து புழுதிக் காற்று. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. நல்லதுதான்.

கண் ஆஸ்பத்திரி. இடது கண் போன வருஷமே போச்சு. வலது கண்ணுக்கு லேசர் போடலாமா என்று பார்க்க ஒரு மிஷின். தலையை உள்ளே வைத்து, ஓரத்தில் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பொட்டு வருமுன் மிஷினில் 'டிக்' என்று ஒரு சத்தம். சத்தத்துக்கெல்லாம் அழுத்தினேன். பாஸானால் லேசர் வேண்டாம் என்பார்கள் என்று கணக்கு.

மிஷின் பெண் சிரித்தது. "தாத்தா, லைட்டே வராதப்பவும் அழுத்தியிருக்கீங்க. திங்கக்கிழமை திரும்ப வாங்க."

வெள்ளி. கஞ்சி, துவையல். தம்பி சின்னராசுக்கும் அங்கேதான் லேசர் போட்டார்கள். அன்றைக்கு அவன் சட்டை பச்சைக் கட்டம், பையில் டீக்கறை. அடுத்த தீபாவளிக்குள் இரண்டு கண்ணும் அணைந்துவிட்டது. பாலக்கரையில் ஒரே அறையில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த ஒரு கண்தான்.

"வேணாம்ணே. எனக்குப் போட்டு என்னத்தக் கண்டேன்?"

சனி. ஸ்ரீரங்கம். அவன் கையைப் பிடித்து வரிசையில் நின்றேன். கூட்டம் தள்ளியதில் விளக்குச் சுடர் மட்டும் அகப்பட்டது. அவனுக்கு வாராவாரம் சொல்வதையே சொன்னேன். முகம், மாலை, பாதம் பளபளன்னு இருக்கு.

வெளியே வந்து கேட்டான்: "தைலக்காப்புன்னு வரிசையில பேசிக்கிட்டாங்களேண்ணே. முகம் மட்டுந்தானாம். பாதத்த மூடியிருக்காங்களாம்."

செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன்.

"எத்தன வாரமா இப்படி?"

முப்பது வருஷம் பார்த்த சாமி. மனசிலிருந்தே எத்தனை வாரமும் சொல்லலாம்.

திரும்பும்போது பஸ் திரும்புகிற திருப்பத்தை வைத்து அவன்தான் ஸ்டாப் சொன்னான். "எறங்குண்ணே, பாலக்கரை." அவன் பின்னால் இறங்கினேன்.

ஞாயிறு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வாசனையில் அவன்தான் முதலில் எழுந்தான்.

திங்கள். மிஷின். சத்தத்துக்கு அழுத்தவில்லை. பொட்டுக்கு மட்டும். ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா படம் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு வெள்ளை.

"போனது வராதுங்க ஐயா. லேசர் போட்டா கண்ணுல அழுத்தம் கொறையலாம், இருக்கறது கொஞ்ச நாள் நிக்கலாம். நிக்காமலும் போகலாம். தம்பி ரொம்ப லேட்டா வந்தாருங்க. நீங்களும் லேட்டுதான். போடறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தேன். காசளவில் அவன் மூக்கு மட்டும்.

"போட்டுக்கண்ணே," என்றான். "ஒண்ணும் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எனக்கும் அதானே தெரியுது."

கைநாட்டு வைத்தேன். எனக்கு இடம் தெரியவில்லை, நர்ஸ்தான் விரலைப் பிடித்து வைத்தது. சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள், காசும் கலங்குகிறது. என் செருப்பு தம்பி மடியில். என் பெயரைக் கூப்பிட்டது அவன் காதில்தான் முதலில் விழுந்தது.