பத்து நிமிட விமானம்

பிரியமுள்ள அத்தான்,

நலமா என்று கேட்க வழியில்லை. கேட்காமல் எழுதவும் வரவில்லை. உங்கள் முதல் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. பெய்துகொண்டேயிருந்த இடவப்பாதி மழை அன்று காலை மட்டும் வழிவிட்டது. அக்கா தேறிவிட்டாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அங்கே உங்கள் பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் முதலிலிருந்து வருகிறேன். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடையை அடைத்துவிட்டு நான் நேராக வருவது கரமனையில் உங்கள் வீட்டுக்குத்தான். நீங்கள் ஆபீஸிலிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் இருப்பீர்கள். வலப்பக்கம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கேப்டன் இடது, துணை விமானி வலது. அதுதான் சட்டம் என்றீர்கள். ஃபிளைட் சிமுலேட்டர் என்ற அந்த விமான விளையாட்டில் நாம் கொச்சிக்கும் மதுரைக்கும் எத்தனை தடவை போயிருப்போம்! ஓடுபாதையை விட்டு எழுப்பவும் நடுவானத்தில் ஓட்டவும் ஜாய்ஸ்டிக்கை என்னிடம் தருவீர்கள். இறங்கும் நேரம் வந்ததும், "மக்கா, இஞ்ச கொண்டா" என்று வாங்கிக்கொள்வீர்கள். ஒருநாளும் இறக்கத் தந்ததில்லை.

சங்குமுகம் கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம், தலைக்கு மேல் விசிறி வைத்த விமானம் ஒன்று உறுமிக்கொண்டு இறங்கியது. உள்ளே ஜெட் எஞ்சின், வெளியே விசிறி. டர்போபிராப் என்று பெயர். அன்று பிடித்தது உங்களுக்குப் பைத்தியம்.

"சிமுலேட்டரோட வாறதெல்லாம் பொம்ம, மக்கா. ஒரு கட்டைய அமுக்கினா எஞ்சின் ஓடும். நெசத்துல அப்பிடியா? நமக்கு நெச டர்போபிராப் ஒண்ணு வேணும், கேட்டியா?"

தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானத்துக்கு ஆட்-ஆன் என்று பெயர். அதில் பெண் பார்க்கும் படலம் தொடங்கியது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஒற்றை எஞ்சின், ஒருவரே ஓட்டலாம். பார்க்க லட்சணம், நம் பழைய கம்ப்யூட்டரும் தாங்கும். மற்றது இரட்டை எஞ்சின், இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சையும் முறைப்படி போட வேண்டும். தப்பாகப் போட்டால் எஞ்சின் வெந்துபோகும். அதற்கு, வாங்குமுன் ஓட்டிப் பார்க்க, ஒரு ட்ரையல் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் மட்டும் ஓடும். பிரவுசிங் சென்டரில் தவம் கிடந்து அதை இறக்கி, சிடியில் போட்டுக் கொண்டுவந்தவன் நான். நினைவிருக்கட்டும்.

ஆனால் சாயங்காலம் நான் வந்து கேட்கும்போதெல்லாம் என்ன சொன்னீர்கள்? "நம்ம மிஷின் பழசு மக்கா, அத எடுக்கல்ல." திரையில் ஏதோ ஓர் இங்கிலீஷ் பெட்டி வரும், நான் படிப்பதற்குள் மூடிவிடுவீர்கள். நானும் நம்பினேன். அப்படியானால் ஒற்றை எஞ்சினையே வாங்குவோம் என்று நச்சரித்தேன். "பாப்பம், பாப்பம்" என்று மாசக்கணக்கில் தள்ளினீர்கள். பார்த்து முடிப்பதற்குள் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோயிற்று.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது, அத்தான். கீபோர்டில் சில சமயம் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். உங்கள் ஆபீஸ் கூட்டாளி பாலேட்டன் மத்தியான இடைவேளையில் உங்களோடு வந்து அச்சப்பப் பலகாரம் தின்றுகொண்டே ஓட்டிவிட்டுப் போகிறார் என்று நானே முடிவு கட்டினேன். என் ஸ்டூலில் இன்னொருவன்! பதினாறாம் நாள் சாப்பாட்டில் பாயசம் விளம்பியது நான்தான். பாலேட்டன் இலையை மட்டும் தாண்டிப் போனேன். பாவம் மனுஷன், "மோனே, பாயசம்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். காது கேட்காதவன் மாதிரி போய்விட்டேன்.

திதி முடிந்த மறுநாள் காலை அக்காவிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் இங்கே சும்மா கிடக்கிறது, நான் எடுத்துப்போய் அத்தான் ஆசைப்பட்ட விமானத்தை வாங்கிப் போட்டு ஓட்டுகிறேன் என்று. நான்தானே உங்கள் வாரிசு? அக்கா கிரைண்டரில் மாவை வழித்துக்கொண்டிருந்தாள். "அந்த ட்ரையல ஒருக்க போட்டுப் பாரு, பொறவு கொண்டு போலாம்" என்றாள்.

போட்டேன். ஒரு வருஷம் கழித்து, அந்தப் பழைய மிஷினிலேயே, முதல் தடவையிலேயே திறந்தது. ஸ்டார்ட்டரைப் போட்டேன். எஞ்சின் வேகம் காட்டும் முள் மெல்ல நகர ஆரம்பித்ததும் எரிபொருள் நெம்புகோலைத் தள்ளப் போனேன்.

"எலேய், நில்லு!"

அடுக்களை வாசலில் மாவுக் கையோடு அக்கா.

"முள்ளு பன்னெண்டத் தொடட்டு. இப்ப எண்ணையத் தொறந்தா எஞ்சின் வெந்து போவும் பாத்துக்கோ. குக்கர்ல வெயிட்டு போடணும்னா ஆவி வரணும்லா? அதே கணக்குதான்."

வந்தாள். என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது நாற்காலியில், அத்தான்! மாவு விரலால் ஒவ்வொன்றாகப் போட்டாள். முள் பன்னிரண்டைத் தொட்டது, எரிபொருள், சூடு ஏறி இறங்கியது, விசிறி சுற்றியது. அடுத்த எஞ்சின். கோயில் பிரகாரம் சுற்றுகிறவள் மாதிரி அவ்வளவு நிதானம். இரண்டும் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த இங்கிலீஷ் பெட்டி வந்தது. இன்றைய பத்து நிமிடம் முடிந்தது, நாளை வாருங்கள் என்று.

அப்போதுதான் புரிந்தது. தினமும் காலையில் உங்களோடு உட்கார்ந்து ட்ரையலைத் திறந்தது அவள். அதனால்தான் சாயங்காலம் எனக்குத் திறக்கவில்லை. நான் தவம் கிடந்து கொண்டுவந்ததை நீங்கள் என் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, பழியை மிஷின் மேல் போட்டீர்கள். எரிகிறது அத்தான், இப்போது எழுதும்போதும் எரிகிறது. 'அவளுக்கு இதெல்லாம் தலைவலி மக்கா' என்று சொன்ன வாய்தானே?

அக்காவிடமே கத்தினேன். அவளும் விடவில்லை.

"ஒனக்கு என்னலே கொற? ஆபீஸ் விட்டு வந்தா என் மொகத்தையா பாத்தாரு? ஒன் ஸ்டூலத்தான் பாத்தாரு, நீ வாறியான்னு. சாயங்காலம் பூரா ஒனக்கு. எனக்கு காலம்பற பத்து நிமிசம். அதும் நான் சண்ட போட்டு வாங்குனது. எஞ்சின் ரெண்டும் ஓடத் தொடங்கும், நேரம் தீந்துபோவும். ஒருநாளாவது தரைய விட்டு எந்திச்சிருக்கனா, கேளு."

இவள் என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள்! இத்தனை வருஷம், ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டே. அந்தக் காப்பியில் சர்க்கரை குறைந்த நாட்களின் காரணம் இப்போது தெரிகிறது. நீங்கள் வாங்காமல் தள்ளிப்போட்டதும் இதற்காகத்தானா? முழு விமானம் வந்துவிட்டால் யாரைப் பக்கத்தில் உட்காரவைப்பது என்று பயந்தீர்களா?

எதை வாங்குவது என்று அவளிடமே கேட்டேன். "ஒத்தைக்கு ஓட்டுகத வச்சு நான் என்னலே செய்ய? ரெண்டு பேரு வேணும்ங்கத வாங்கு" என்றாள். துபாயில் இருக்கும் என் கூட்டாளியின் கார்டில் வாங்கினோம். கம்ப்யூட்டர் கரமனையிலேயே இருக்கிறது. ஸ்டூலும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பயணம். அவள் இடது, நான் வலது. இரண்டு எஞ்சினையும் அவள் கிளப்பினாள், எழுப்பியது நான். பத்து நிமிடம் தாண்டியும் பெட்டி வரவில்லை. சங்குமுகத்தைத் தாண்டிக் கடல் விரிந்தது. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இத எனக்குக் காட்டல்லியே அந்த மனுசன்" என்றாள். நான் ஜெயித்த மாதிரி ஒரு நொடி இருந்தது. ஒரு நொடிதான்.

விழிஞ்ஞம் பக்கமாகத் திரும்பி ஓடுபாதையை நோக்கி வந்தபோது அவள் சொன்னாள், "சரி, எறக்கு."

"நானா? நீதான் கேப்டன், நீ எறக்கு."

"எனக்கு என்னலே தெரியும்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், அத்தான். கிளப்புவதை அவளுக்குக் கொடுத்தீர்கள். பறப்பதை எனக்குக் கொடுத்தீர்கள். இறங்குவதை யாருக்கும் தராமல் நீங்களே வைத்துக்கொண்டு, சொல்லாமல் இறங்கியும் போய்விட்டீர்கள். ஓடுபாதை காலுக்குக் கீழே ஓடி மறைந்தது. அக்கா சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு "இன்னொரு சுத்து சுத்து" என்றாள். எரிபொருள் தீரும்வரை சுற்றினோம்.

இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் கடலில்தான் விழுகிறோம். ஆனால் ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த திதிக்குள் அக்காவைப் பத்திரமாகத் தரை இறக்குவேன். அதுவரை பன்னிரண்டைத் தொடாமல் நெம்புகோலில் கை வைக்கமாட்டேன், அவளை ஒற்றைக்குப் பறக்க விடவும் மாட்டேன். பாலேட்டனையும் ஒருநாள் கூப்பிட்டு வயிறு நிறையப் பாயசம் கொடுத்துவிடுகிறேன்.

வலப்பக்க ஸ்டூலை யாருக்கும் விட்டுக்கொடுக்காத,
உங்கள் மச்சினன்.