கீழ் அறையில் பதினொரு நாள்

மதிப்புக்குரிய பெரிய அத்தானுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நீங்கள், அக்கா, உங்கள் மகன், மருமகள், நான். ஐந்து பேர். உங்கள் நாயையும் சேர்த்தால் ஆறு. அதற்கும் தனி நாற்காலி போட்டிருந்ததால் சேர்த்துச் சொல்கிறேன். மலையடியில், கார் கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தவர் உங்கள் தம்பி. ஒருவர். அடுக்குப் பாத்திரத்தில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு இறங்கினேன். "விருந்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் வந்திருந்தார்கள் என்றேன்.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. பயணத்தில் ஒரு பெட்டியின் பிடி மட்டும் போயிற்று, வேறு சேதம் இல்லை. அக்கா கொடுத்த கம்பளிச் சட்டை எனக்குத் தோளில் சரியாக இருக்கிறது, சொல்லுங்கள். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று வழக்கமாகக் கேட்பேன். இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

எதற்கும் கணக்கு எழுதி வைப்பவள் நான். பள்ளிக்கூடம் அனுப்பாத வீட்டில், பொட்டலம் கட்டி வந்த தாளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவள். எழுதி வைக்காவிட்டால் எனக்கு எதுவும் நடந்த மாதிரியே இருக்காது. உங்கள் வீட்டுக்கு நூற்று முப்பத்தொரு படி. படிக்கு ஒரு நாமம் சொல்லி ஏறுவேன். நூற்றெட்டும் முடிந்து இன்னும் இருபத்துமூன்று படி மிச்சம் நிற்கும். அந்த இருபத்துமூன்றிலும் ஆண்டவனிடம் உங்கள் மனசு இறங்க வேண்டும் என்றுதான் கேட்டேன். முப்பத்தேழு முறை முழுதாக ஏறினேன். முப்பத்தெட்டாவது முறை பாதியில் நின்றுவிட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எதற்காக வந்தோம் என்பதை அக்காவுக்கு முன்பே எழுதியிருந்தேன். உங்கள் தம்பிக்குக் கண் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. ஓரத்தில் இருப்பது ஏற்கெனவே தெரியாது. நேரே இருப்பதும் இன்னும் ஆறு மாதமோ எட்டு மாதமோதான் தெரியும் என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது இவர் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணன் மூஞ்சியப் பார்த்துடணும்." பதினான்கு வருடமாக உங்கள் பேச்சையே எடுக்காத மனுஷர்.

அந்தப் பதினான்கு வருடத்துக்கு இவர் வாய்தான் காரணம், மறைக்கவில்லை. உங்களைப் பெற்ற அத்தை படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் நீங்கள் வரவில்லை. இறந்த பிறகு, நான் வரும்வரை வைத்திருங்கள் என்று போன் செய்தீர்கள். "உசிரோட இருந்தப்ப வராதவன் இப்ப எதுக்கு? எனக்கு அண்ணனே கிடையாது" என்று சொல்லி இவர் போனை வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் அது இனித்தது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அத்தையைத் தூக்கித் தூக்கித்தான் இவர் இடுப்பு போனது. அந்த இடுப்பால்தான் உங்கள் படியை ஏற முடியவில்லை. இதையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

வந்திறங்கிய அன்றே உங்கள் மகன் தெளிவாகச் சொல்லிவிட்டான். "சித்தப்பாவால ஏற முடியாது, அப்பாவால இறங்க முடியாது. படியில காலே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." படிக்குப் பக்கத்தில் தண்டவாளம் போட்டு ஓர் இரும்புப் பெட்டி மேலே போவதைக் காட்டி, இதில் இவரை உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். "அது சாமான் ஏத்துறது சித்தி. ஆள் ஏறக் கூடாது" என்றான். அக்கா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் வைத்து இரண்டு ஆட்களை விட்டுத் தூக்கலாமே என்று உங்களிடம் வந்து கேட்டேன். "விழுந்து வச்சா யார் பதில் சொல்றது?" என்றீர்கள். அப்படியானால் போனிலாவது பேசுங்கள் என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு போன்லயா பேசுறது?" என்றீர்கள். அதுவும் நியாயம்தானே என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

அதனால் நானே தபால்காரி ஆனேன். முதல் நாள், "அன்னைக்குப் பேசினது கோபத்துல பேசினதுன்னு அண்ணன்கிட்ட சொல்லு" என்று அனுப்பினார். மேலே வந்து சொன்னேன். "சரி சரி, சாப்பிட்டானா?" என்றீர்கள். கீழே போய்ச் சொன்னபோது, "சாப்பிட்டானான்னு கேட்டாரா? அவரே கேட்டாரா?" என்று மூன்று தடவை கேட்டார். அன்று பூராவும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஓட்டினார். மறுநாள், "ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல போய்ச் சாக்கடையில விழுந்தது ஞாபகம் இருக்கான்னு கேளு" என்றார். நான் கேட்டேன். நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து உங்கள் பதில்களை நானே சமைத்தேன். சைக்கிளை நினைத்து நீங்கள் சிரித்ததாகச் சொன்னேன். "முட்டி ஒத்துக்கிட்டா நாளைக்கே வந்துடுறேன், தம்பியக் காத்திருக்கச் சொல்லு" என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் சவரம் செய்து, சட்டை மாற்றி, ஜன்னலுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டைக்கூட அங்கேயே வைக்கச் சொன்னார். பொய் சொன்ன நாக்கால்தான் நான் அடுத்த நடைக்கு நாமம் சொல்லி ஏறினேன்.

கிளம்புகிற அன்று காலை, போர்வைகளைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு ஏறி வந்தேன். அறுபத்துநான்காம் படியில் இருக்கும்போது மேலிருந்து அந்தப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் நாற்காலி. நாற்காலியில் திண்டு. திண்டில் நீங்கள். நோகாமல் இறங்குகிற அந்தப் பெட்டி ஆமை மாதிரி நகர்கிறது. கை நீட்டினால் தொடுகிற தூரம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டீர்கள். அதை நான் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. போர்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதினொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது. பெட்டி வந்து நிற்பது கொட்டகைக்குப் பின்புறம். எங்கள் ஜன்னல் தெருப் பக்கம். நடுவில் ஒற்றைக் கல் சுவர். "அண்ணன் வீட்டுக்குச் சாமான் போகுது போல" என்பார் இவர். பிறகு கார் கிளம்பும். உங்கள் மகன் வேலைக்குப் போகிறான் என்று நானும் நினைத்தேன். அந்தக் கார் இவர் ஜன்னலைத் தாண்டித்தான் தெருவுக்குப் போயிற்று. ஓரமாகப் போனது இவர் கண்ணுக்குத் தெரியாது.

போர்வைகளை அந்தப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். நான் வருவதற்குள் கார் போய்விட்டது. இவர் என்னிடம், "பெட்டி வந்து நின்னுச்சே, நாம கிளம்புறோம்னு அண்ணன் ஏதாச்சும் குடுத்து விட்டிருக்காரா பாரு" என்றார். பின்னால் போய்ப் பார்த்தேன். திண்டில் நீங்கள் உட்கார்ந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை. நேரே தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பா வாங்கிவந்து, அண்ணன் கொடுத்தார் என்று கையில் கொடுத்தேன். விமானத்தில் இவர் அதை மடியை விட்டு இறக்கவில்லை. இன்னும் பிரிக்கவும் இல்லை. எனக்கு ஒன்று தரவும் மனசு வரவில்லை.

இதோடு விட்டிருப்பேன். நேற்று இவர் கூப்பிட்டு உட்கார வைத்து, "அண்ணன் சொன்னதா நீ சொன்னதெல்லாம் அண்ணன் சொன்னதுதானா?" என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். "அவரு என்னை எந்தக் காலத்துல தம்பின்னு கூப்பிட்டாரு? டேய்னுதானே கூப்பிடுவாரு?" என்றார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள். உங்கள் மகன் எழுத வேண்டாம், எழுத்து யாருடையது என்று இவருக்குத் தெரிந்துவிடும். கறுப்பு மையில், பெரிய பெரிய எழுத்தாக எழுதுங்கள். இவரே படிக்க வேண்டும். நான் படித்துக் காட்டினால் இனிமேல் நம்ப மாட்டார். டேய் என்று ஆரம்பியுங்கள். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்க வேண்டாம், அதற்கு இரண்டு பக்கமும் வயசு போய்விட்டது. பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், முட்டி வலி என்றே இருக்கட்டும். எழுதாவிட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயப்படாதீர்கள். சொல்ல மாட்டேன். அது உங்களுக்காக அல்ல.

உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கண்ணும் காலும் கடைசிவரை நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். முன்பு மனசோடு கும்பிட்டேன், இப்போது வழக்கத்தை விடக் கூடாதே என்று கும்பிடுகிறேன். மனசு திரும்பி வந்தால் அதையும் எழுதித் தெரிவிக்கிறேன்.

அங்கிருந்து தபால் வரப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி