முருகனுக்குக் குடுத்த வாக்கு

சுகந்தி அப்பாவுக்கு,

முருகன் புண்ணியத்துல சுகமா இருக்கேன். ஆபரேஷன் பண்ணின கண்ணுல தண்ணி படாம பாத்துக்கோங்க.

அந்தக் கண்ணுக்காக நேந்த பால்குடத்துக்கு முப்பது நாளா விரதம் இருக்கேன். தைப்பூசத்துக்கு லீவு தர்றேன்னு தீபாவளிக்கே சொன்ன, நான் வேலை பாக்குற வீட்டுக்காரம்மா நிவேதிகா, நேத்து வந்து, "அன்னைக்கு எங்களுக்கு வேற கமிட்மெண்ட் இருக்குக்கா, பிள்ளைய நீங்கதான் பாக்கணும்"ங்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அப்டின்னா என்னம்மா?"

"ஒருத்தங்களுக்கு வாக்கு குடுத்துட்டோம்னு அர்த்தம் லா"ன்னு இந்த ஊர் 'லா' போட்டுச் சொல்லுச்சு.

"அப்ப எனக்குக் குடுத்தது என்ன? நான் முருகனுக்குக் குடுத்தது என்ன?"ன்னு கேட்டுட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுச்சு.

நம்ம கோயில் திருநீறு கொஞ்சம் மடிச்சு அனுப்புங்க, இங்க உள்ளது மனசுக்கு ஒட்டல. வேலைய விட்டு அனுப்பினாலும் இங்க உள்ள டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்குப் பால்குடம் தூக்கிட்டுத்தான் பிளேன் ஏறுவேன். குக்கர் கத்துது, நிறுத்துறேன். வந்து நின்னா ஏன் வந்தேன்னு மட்டும் கேக்காதீங்க.

செண்பகவல்லி