ஒரு பொட்டு கூடிப்போன பக்கம்

அன்புள்ள குமரேசு,

உன் அண்ணிதான் எழுதுகிறேன். மக்காச்சோளம் அறுத்து மாடியில் காயப் போட்டிருக்கிறோம். நடுவில் நீ பெயிண்டால் போட்ட கட்டங்கள் இன்னும் அழியவில்லை. அவற்றின் மேல் மட்டும் சோளம் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

அங்கே உட்கார்ந்து நீ சோளமணி வைத்து ஆடும்போது உன் அண்ணன் பைத்தியம் என்பார். "அண்ணி, ஒரு மணி உயிரோட இருக்கணும்னா சுத்தி ரெண்டோ மூணோ தொணைக்கு இருக்கணும். கம்மியானாலும் செத்துடும், ஜாஸ்தியானாலும் செத்துடும். காலிக் கட்டத்தச் சுத்தி சரியா மூணு இருந்தா அங்க புதுசா ஒண்ணு பொறக்கும்" என்றாய்.

"இது சோளமா, நம்ம சொந்தக்காரங்களா?" என்று சிரித்தேன்.

ஐந்து மணிகளை வைத்தாய். விதிப்படி எடுத்தாய், வைத்தாய். நாலாவது தடவையில் அதே ஐந்து, அதே வடிவம், மூலைவாக்கில் ஒரு கட்டம் தள்ளி நின்றது. "பாருங்கண்ணி, நடந்துக்கினு போவுது." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதை ஏன் உன்னிடம் சொல்லாமல் விட்டேன்?

இப்படி நடக்கும் ஐந்துகளை ஓயாமல் ஈன்றுகொண்டே இருக்கும் பெரிய வடிவம் ஒன்றை நீ வருடக்கணக்கில் தேடினாய். கடைசியாக உன் நோட்டில் ஒரு கட்டம்போட்ட தாளைச் சிவப்பு மையால் நிரப்பி, அடியில் 'இது நிற்காது' என்று எழுதினாய். ஓட்டிப் பார்க்க உனக்கு நாள் வாய்க்கவில்லை.

போன வாரம் என் மகள் செல்வி அந்தத் தாளைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கொஞ்ச நேரம் பொங்கியது, கலைந்தது, ஒன்றுமில்லாமல் போனது. "சித்தப்பா போட்டது தப்பும்மா" என்றாள். உன் அண்ணன் எழுந்து போனார். அத்தனை வருடமும் வீண்தானா? நான் அழுதேன் குமரேசு.

மறுநாள் மாடியில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கட்டத்துக்கு ஒரு மணியாக அடுக்கினேன். ஓரத்தில் ஒரு சிவப்பு மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. குங்குமம்! ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. நோட்டு அட்டைக்கு வைத்தது போதாதென்று, உன் காரியம் பலிக்கட்டும் என்று உள்ளேயும் வைத்தேன். "அய்யோ அண்ணி, தாள்ல இன்னாத்துக்கு வெக்கிறீங்க!" என்று கத்தினாய். பூஜையில் வைத்ததை நாளைக்குத்தான் தொடணும் என்று அதட்டினேன். மறுநாள் நீ காய்ச்சலில் படுத்தாய். அப்புறம் எழவேயில்லை.

செல்வி கம்ப்யூட்டரில் அந்த ஒரு புள்ளியை மட்டும் எடுத்தாள்.

ஐந்து ஐந்தாக வரத் தொடங்கின. ஒன்று, அதன் பின்னால் ஒன்று, அப்புறமும் ஒன்று. உன் அண்ணன் சோற்றுத் தட்டோடு வந்து நின்றார். "எங்க போய்க்கினு இருக்குதுங்க?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. கை காய்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். "நிக்கலியே மல்லிகா, நிக்கவே இல்லியே" என்றார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் சோளத்துக்குப் பக்கத்தில் படுத்தால் கண் செருகுகிறது. அந்த ஐந்துகள் கைப்பிடிச் சுவர் தாண்டி, வடக்கனந்தல் வயல்களைத் தாண்டி, கல்வராயன் மலைப் பக்கம் மூலைவாக்கில் போகின்றன. நீ அந்தப் பக்கம்தான் இருக்கிறாயா?

வரும் ஆயுத பூஜைக்கும் உன் நோட்டுக்குப் பொட்டு வைப்பேன். அட்டைக்கு மட்டும். உள்ளே உன் கணக்கு உன் கணக்காகவே இருக்கும்.

அன்று உடம்பு சிலிர்த்ததை இன்று சொல்லிவிட்ட,
உன் அண்ணி மல்லிகா