குடத்துத் தண்ணீர்

அடி அண்ணாமலை,
சித்திரை 9

அன்பு மகன் கோபிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடு இரண்டும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மஸ்கட்டில் நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். வரும் சனிக்கிழமையிலிருந்து குடோன் வேலை இல்லை, வெளியே கம்பி கட்டப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆறு மாதமாக ஏசியில் இருந்த உடம்பு அது. போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால் எழுதி, பக்கத்து வீட்டு மணிமொழியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன்.

போன வருஷம் நீ ஊரில் இல்லாதபோது உன் அப்பா நெஞ்சு வலியில் போனார் என்று சொன்னேன் இல்லையா, அது பொய். காலில் கம்பி குத்திப் புண்ணாகி இரண்டு மாதம் வீட்டில் படுத்திருந்த மனுஷன், ஆறினதும் முதல் நாளே வேங்கிக்கால் கட்டடத்தில் முழுப் பகலும் நின்றார். முப்பது வருஷம் வெயிலில் காய்ந்த கட்டை என்று அவருக்கு வீராப்பு. மத்தியானம் கூட வேலை செய்யும் தசரதன் ஆட்டோவில் போட்டுத் தூக்கி வந்தான். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை, என்னென்னமோ உளறுகிறார். நெஞ்சில் வேர்க்குரு சிவந்திருந்ததைப் பார்த்து அம்மை என்று நானே முடிவு கட்டி வாசலில் வேப்பிலை செருகினேன். தசரதன் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையில் ஊற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினான். "அம்மா வந்திருக்கா, தண்ணி ஊத்துனா கோவிச்சுக்குவா" என்று அவன் கையைப் பிடித்துத் தடுத்தவள் நான்தான். பொழுது சாயும்போது மூச்சு அடங்கிவிட்டது. துக்கம் கேட்க வந்த நர்ஸம்மா ரேணுகாம்பாள்தான், அது அம்மை இல்லை, வெயில் தாக்கினது என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை நாள் உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நர்ஸம்மாவிடமே உனக்காகக் கேட்டு வந்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றால் போதும், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஜாஸ்தி பண்ண வேண்டும், உடம்பு பழக ஒரு வாரம் பத்து நாள் ஆகுமாம். மேஸ்திரியிடம் வெட்கப்படாமல் சொல். அப்பாவின் வீராப்பு உனக்கும் உண்டு, அதை ரூமிலேயே மடித்து வைத்துவிட்டுப் போ. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி, காலையில் உப்புப் போட்ட கஞ்சி குடி, டீயை நம்பாதே, ஒன்றுக்கு மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். தலை சுற்றினால் அந்த நிமிஷமே நிழலுக்கு வந்துவிடு. கூட இருக்கிறவன் யாராவது உடம்பு கொதித்து உளறினால் யாரையும் கேட்காதே, நிழலில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பு. அம்மன் கோபித்துக்கொண்டால் என்னிடம் வரட்டும்.

அண்ணாமலையார் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் மேஸ்திரியிடம் பேசிவிடு, மறக்காதே. இதைப் படித்ததும் போன் செய். திட்டுவதற்காக என்றாலும் செய், என்னைத் திட்டுவதற்கு நீ இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பச்சையம்மாள்