வீஷ்னியாவின் குளம்புச் சூடு

ஒனுஃப்ரி, நம்ம குதிரைக்குக் குளம்புச் சூடு இறங்கிடுச்சு!

கால்நடை டாக்டர் காலையிலேயே வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். "காத்தைத் தின்னாலே கொழுக்கிற ஜாதிம்மா இது, குளிர்காலம்னு அள்ளிப் போடாதீங்க, தானியமும் இனிப்பும் கூடினா குளம்புலதான் கொதிக்கும்"ன்னார். எனக்கு இப்பதான் போன உயிர் திரும்பி வந்துச்சு.

நான் சந்தைக்குப் போறேன். மத்தியானம், இனிப்பு இறங்கட்டும்னு வாளியில ஊறப்போட்ட காய்ஞ்ச புல்லை வடிச்சு, வீஷ்னியாவுக்கு வலைப்பையில கட்டித் தொங்கவிடு. ஓட்ஸ் ஒரு பிடிகூடக் கிடையாது. அவ கனைச்சா இளகிடாதே, அது பசியில்ல, நடிப்பு.

உனக்கு அடுப்புல பீட்ரூட் சூப் இருக்கு.

பி.கு.: கிறிஸ்துமஸ் விருந்துல தொழுவத்துக்குன்னு எடுத்து வைக்கிற பங்கை, தேன் கோதுமையும் ரொட்டியுமா நீ அவளுக்குக் கொடுத்ததுக்காக, மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தேன். நீ மறந்திருப்பியோன்னு, உனக்கு முன்னாடியே நானும் ஒரு தட்டு கொடுத்திருந்தேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரல.